கால்நடை, உடைமை, கூலி: பழைய ஸ்கொட்ஸ் மொழியின் 'ஃபீ' என்னும் சொல்லும் தமிழ் ஒப்பாய்வுக்கு அது தரும் பாடமும்

1. முன்னுரை

ஜோன் ஜேமிசன் என்னும் ஸ்கொட்லாந்துப் போதகர் 1808ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக வெளியிட்ட ஸ்கொட்ஸ் மொழிச் சொற்பிறப்பு அகராதியில் 'ஃபீ' என்றொரு சிறு சொல் இடம்பெற்றுள்ளது. அதன் கீழ்க் கால்நடை, உடைமை, பணம், கூலி, நிலவுரிமை ஆகிய பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. படிப்போர்க்கு ஓர் இனத்தின் பொருளியல் வரலாறு முழுவதும் ஓரசைச் சொல்லில் ஒடுங்கி நிற்பதுபோலத் தோன்றும். ஆட்டு மந்தையில் தொடங்கிய சொல் பொதுவான செல்வமாக விரிந்து, நாணயமாக மாறி, இறுதியில் பண்ணையாளின் கூலியாக முடிகிறது என்பது கவர்ச்சியான கதை. ஆயினும் அக்கதை முழுமையும் உண்மையன்று.

அச்சொல்லின் வரலாற்றை ஸ்கொட்லாந்தின் சட்டம், இலக்கியம், வேளாண் வாழ்வு ஆகியவற்றின் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவ்வரலாறு தமிழாய்வாளர்க்கு ஏன் பொருட்படுத்தத் தக்கது என்பதைக் காட்டுவது இரண்டாவது நோக்கம். தமிழில் 'மாடு' என்பது விலங்கையும் செல்வத்தையும் குறிக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். இவ்வொப்புமையைக் கண்டவுடன் உறவு கொண்டாடும் பழக்கம் நம் மாநாட்டு அரங்குகளுக்குப் புதிதன்று. எவ்வகை ஒப்புமை உறவுக்குச் சான்றாகும், எவ்வகை ஒப்புமை சான்றாகாது என்பதைப் பிரித்தறிய இச்சிறு சொல் தக்கதோர் உரைகல்லாக அமைகிறது.

ஸ்கொட்ஸ் என்பது ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் வழங்கும் கேலிக் மொழியன்று. ஏழாம் நூற்றாண்டளவில் லோதியன் பகுதியில் குடியேறிய நோர்தம்பிரிய ஆங்கிலேயரின் பேச்சிலிருந்து தாழ்நிலப் பகுதிகளில் வளர்ந்தது, ஆங்கிலத்திற்கு உடன்பிறந்தது. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றச் சட்டங்களும் அரசவைக் கவிதையும் அம்மொழியில் எழுதப்பட்டன. பின்னர் அரசும் அச்சகமும் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தபோது அது கிளைமொழி எனத் தாழ்த்தி எண்ணப்பட்டது. அதன் பழஞ்சொற்களில் மிகப் பல இன்று அகராதிகளிலேயே வாழ்கின்றன.

2. சொல்லின் குடிவழி

'ஃபீ' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'ஃபெஓ' என்பது. பழைய நோர்ஸ் மொழியில் அது 'ஃபே' எனவும், நான்காம் நூற்றாண்டுக் கொதிக் மொழி விவிலியத்தில் 'ஃபைஹு' எனவும் வழங்கியது. கொதிக்கில் அதன் பொருள் பணம். இன்றைய ஜெர்மன் மொழியில் 'ஃபீ' என்பது கால்நடையை மட்டும் சுட்டும். ஐஸ்லாந்து மொழியிலோ 'ஃபியே' இன்றுவரை பணத்தையும் ஆட்டு மந்தையையும் ஒருங்கே சுட்டி நிற்கிறது. பண்டைய ஜெர்மானியரின் ரூன் எழுத்து வரிசையில் முதலெழுத்தின் பெயரும் இச்சொல்லே.

ஜெர்மானியக் கிளைக்கு அப்பாற் சென்றால், லத்தீனின் 'பெக்குஸ்' (கால்நடை), அதனின்று பிறந்த 'பெக்கூனியா' (பணம்) ஆகியவற்றை அடைகிறோம். சமஸ்கிருதத்தின் 'பசு' என்பதும் இக்குடும்பத்தினதே. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் பகரம் ஜெர்மானியக் கிளையில் ஃபகரமாயிற்று. லத்தீனின் 'பாத்தேர்', சமஸ்கிருதத்தின் 'பிதர்' ஆகியவற்றோடு ஆங்கிலத்தின் 'ஃபாதர்' ஒப்பிடப்படுவது இவ்விதிப்படியே. சொல்லிடையில் நின்ற ககரம் ஜெர்மானியக் கிளையில் ஹகரமாகத் தேய்ந்தது. சமஸ்கிருதத்தில் அது சகர ஒலியாயிற்று. இம்மாற்றங்கள் ஒரு சொல்லில் மட்டுமன்றி நூற்றுக்கணக்கான சொற்களில் ஒழுங்காக நிகழ்ந்துள்ளன. ஆதலின் காதுக்குச் சற்றும் ஒத்திராத 'ஃபீ', 'பசு' என்னும் இரண்டும் ஒரே மூலத்தின் வழித்தோன்றல்கள் என ஐயமின்றிக் கூறலாம்.

வடமொழியிலிருந்து தமிழ் ஏற்றுக்கொண்ட 'பசு' வழியாக, ஸ்கொட்லாந்து இடையரின் பழஞ்சொல்லுக்கு உறவான சொல்லொன்று நம் வீட்டுத் தொழுவங்களிலும் வழங்குகிறது. சைவ சித்தாந்தத்தில் அதுவே பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் ஒன்றாகி, கட்டுண்ட உயிரைக் குறிக்கிறது.

3. ஹென்றிசனின் மந்தை

ஸ்கொட்ஸ் இலக்கியத்தில் 'ஃபீ' கால்நடையைச் சுட்டுவதற்கு யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு ரொபர்ட் ஹென்றிசனின் 'ரொபீனும் மாக்கினும்' என்னும் பாடல். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டன்ஃபேர்ம்லின் நகரில் பள்ளியாசிரியராக இருந்தவர் ஹென்றிசன். ஜோர்ஜ் பன்னட்டைன் 1568இல் தொகுத்த கையெழுத்துச் சுவடி இப்பாடலை நமக்குக் காத்துத் தந்துள்ளது. பசுங்குன்றொன்றில் ஆடு மேய்க்கும் ரொபீனிடம் மாக்கின் தன் காதலைச் சொல்கிறாள். அவன் தன் ஆடுகளைப் பற்றியே கவலைப்படுகிறான். பின்னர் அவன் மனம் மாறி வரும்போது அவள் மனம் மாறிவிடுகிறது. அவன் காத்திருக்கும் மந்தைக்குக் கவிஞர் இட்ட பெயர் 'ஃபீ' என்பதே. மந்தை அங்கு வெறும் பின்புலமாக நிற்கவில்லை. காதலா உடைமையா என்னும் தேர்வில் ரொபீன் உடைமையைத் தேர்கிறான். விலங்கும் செல்வமும் ஒரே சொல்லாக இருந்தமையால் அக்காலக் கேட்போர்க்கு அத்தேர்வின் பொருள் விளக்கமின்றியே புரிந்திருக்கும்.

இதே ஆசிரியர் ஈசோப்புக் கதைகளைத் தழுவி எழுதிய நீதிக்கதைகளுள் ஒன்றில் நாயொன்று ஆட்டின்மீது வழக்குத் தொடுக்கிறது. ஆடு தனக்கு ஓர் அப்பம் தர வேண்டியுள்ளது என்பது பொய்வழக்கு. நீதிபதி ஓநாய், எழுத்தர் நரி. தோற்ற ஆடு தன் உரோமத்தை விற்று அப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் குளிர்காலத்தில் வெற்றுடம்போடு நிற்கிறது. அந்த ஆடு ஏழைக் குடியானவனே எனக் கவிஞர் வெளிப்படையாக விளக்குகிறார். செம்மறி உரோமம் அன்றைய ஸ்கொட்லாந்தின் முதன்மை ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று. 1136இல் முதலாம் டேவிட் மன்னன் நிறுவிய மெல்றோஸ் மடாலயத்தின் துறவியர் பெரும் மந்தைகளை வளர்த்து, அவற்றின் உரோமத்தைப் பிளாண்டர்ஸ் நெசவு நகரங்களுக்கு அனுப்பினர். நாட்டின் செல்வமே ஆட்டின் முதுகில் இருந்த காலத்தில், அந்த ஆட்டையே உரிக்கப்பட்ட ஏழையாக்கிக் காட்டியது ஹென்றிசனின் கூர்மை.

4. உயிருக்கு ஈடாகிய மாடு

கால்நடை செல்வத்தின் உவமையாக மட்டுமன்றி அளவுகோலாகவும் நின்றது என்பதற்குச் சட்டநூல்களே சான்று. 'பிரித்தனியருக்கும் ஸ்கொட்டியருக்கும் இடையிலான சட்டங்கள்' எனப் பொருள்படும் லத்தீன் தலைப்புடைய இடைக்காலத் தொகுப்பு ஒன்று, கொலையுண்டவரின் தகுதிக்கேற்ப அவர்தம் சுற்றத்தார்க்குச் செலுத்த வேண்டிய குருதி ஈட்டை வரையறுக்கிறது. 'குரோ' எனப்பட்ட அவ்வீடு மாட்டுக் கணக்கில் அமைந்தது. மன்னனுக்கு 1000 மாடுகள், கோமகனுக்கு 150, அவன் மகனுக்கும் தேன் எனப்பட்ட நிலக்கிழாருக்கும் 100, உழுகுடிக்கு 16. கணவனுடைய பெண்ணின் ஈடு கணவனதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கணவனில்லாதவளின் ஈடு அவளுடைய உடன்பிறந்தானின் ஈட்டுக்குச் சமம்.

சமூகத்தின் ஏணிப்படிகள் அனைத்தையும் ஒரே நாணயத்தால் அளந்து காட்டுகிறது இப்பட்டியல். அந்நாணயத்திற்கு நான்கு கால்கள். இங்கிலாந்தின் முதலாம் எட்வேர்ட் ஸ்கொட்லாந்தைத் தன் ஆட்சிக்குட்படுத்த முயன்றபோது, 1305இல் பிறப்பித்த ஆணையில் இவ்வழக்கங்களைத் தடைசெய்தான். வழக்கில் இல்லாத ஒன்றைத் தடைசெய்ய வேண்டியதில்லை என்பதால், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவற்றின் நினைவேனும் உயிரோடிருந்தது எனக் கொள்ளலாம்.

இத்தனைக்கும் அப்போது நாணயம் புழக்கத்திற்கு வந்து ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலாம் டேவிட் 1136இல் கார்லைல் நகரைக் கைப்பற்றியபின் ஸ்கொட்லாந்து மன்னரின் முதல் வெள்ளிக்காசுகள் வெளிவந்தன. காசு வந்தவுடன் மாடு அளவுகோலாக இருப்பது நின்றுவிடவில்லை. குத்தகைக் குடியானவன் இறந்தால் அவன் உடைமைகளுள் சிறந்த விலங்கை நிலவுடைமையாளர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 'ஹெரியெல்ட்' எனப்பட்ட அவ்வரியில் கொடுக்கப்படும் விலங்குக்கு 'சிறந்த ஓக்த்' என்று பெயர். 'ஓக்த்' என்றால் உடைமை. விதவையின் தொழுவத்திலிருந்து ஓட்டிச் செல்லப்பட்ட மாட்டைச் சட்டம் மாடு என்று சொல்லவில்லை. 'உடைமைகளுள் சிறந்தது' என்றே சொன்னது.

5. உடைமையே விலங்காதல்

'ஓக்த்' தனித்த எடுத்துக்காட்டன்று. பழைய ஸ்கொட்ஸ் மொழியில் கால்நடையைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்து நோக்கினால் அவற்றுட் பல உடைமை அல்லது பயன் என்னும் கருத்திலிருந்து கிளைத்தவையாக இருக்கக் காண்கிறோம்.

மாட்டினத்தின் பொதுப்பெயர் 'நவுட்' என்பது. பழைய எழுத்துமுறையில் 'நோல்ட்' என எழுதப்பட்டாலும் இடையில் நின்ற லகரம் ஒலிக்கப்படவில்லை. பழைய நோர்ஸின் 'நௌத்' என்பதிலிருந்து வந்த இச்சொல், பயன்படுத்துதல், நுகர்தல் என்னும் பொருளுடைய வேரோடு தொடர்புடையது. ஜெர்மனின் 'நுட்சென்' (பயன்படுதல்) அவ்வேரினதே. ரொபர்ட் பேர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட 'இரண்டு நாய்கள்' என்னும் கவிதையில், ஊர்சுற்றும் சீமான்கள் ஸ்பெயின் நாட்டுக் காளைப்போரில் காலங்கழிப்பதைக் கேலிசெய்யும்போது இச்சொல்லையே ஆள்கிறார். ஓர்க்னித் தீவுக்கூட்டத்தின் வெஸ்ட்றே தீவிலுள்ள நோல்ட்லண்ட் என்னும் இடப்பெயரிலும் அது பதிந்துள்ளது. அவ்விடத்துக் கடற்கரை மணல்மேட்டில் நிகழ்ந்த அகழாய்வில் புதிய கற்காலக் கட்டடமொன்றின் சுவர் அடித்தளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாட்டுத் தலையோடுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. நோர்ஸ் மக்கள் அங்கு வந்து பெயரிடுவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்னரே அந்நிலத்தில் மாடு வெறும் இறைச்சியாக இருந்ததில்லை என்பதை அத்தலையோடுகள் உணர்த்துகின்றன.

வண்டியிழுக்கும் குதிரைக்கு வழங்கிய 'ஏவர்' என்னும் சொல் உடைமை எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. பொருள்கள் எனப் பொதுப்படச் சுட்டும் 'குட்ஸ்' பழைய ஸ்கொட்ஸில் பல இடங்களில் கால்நடையையே குறித்தது. உடைமை எனப்பொருள்படும் 'கியர்' என்பதும் எல்லைப்புறப் பாடல்களில் கவரப்பட்ட மந்தையைச் சுட்டும்.

அண்டை மொழியாகிய கேலிக்கிலும் இதே போக்கைக் காணலாம். மாட்டு மந்தைக்குரிய 'குரோ' என்பதன் பழைய ஐரிஷ் வடிவத்திற்குச் செல்வம் என்பது பொருள். 'ஸ்பிரே' என்னும் மற்றொரு சொல் கொள்ளைப்பொருள் எனப்பொருள்படும் லத்தீனின் 'பிரைதா' என்பதன் வழித்தோன்றல். ஸ்கொட்ஸ் மொழி அதனைக் கடன்பெற்றுக் கவர்ந்து செல்லப்பட்ட மாட்டுமந்தையைக் குறிக்க வழங்கியது. எல்லாவற்றினும் நெஞ்சைத் தொடுவது 'ஏதல்' என்பது. கருவூலத்தையும் கால்நடையையும் ஒருங்கே குறிக்கும் இச்சொல்லைக் கொண்டே கேலிக் தாய் தன் குழந்தையை 'மேதல்' என்று அழைக்கிறாள். நம் தாய்மார் 'என் செல்வமே' என்பதற்கு அது நேர்.

6. கவர்தலும் மீட்டலும்

செல்வம் நடந்து செல்லக்கூடியதாக இருந்தால், அதைக் கவர்வதும் எளிது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி, 1603இல் இரு நாட்டு முடிகளும் ஒருவரிடம் சேரும்வரை, இங்கிலாந்து-ஸ்கொட்லாந்து எல்லைப்புறம் ஆநிரை கவர்தலையே வாழ்க்கையாகக் கொண்ட குடிகளால் நிறைந்திருந்தது. 'ரீவர்' எனப்பட்ட அவர்கள் எல்லையின் இரு புறங்களிலும் வாழ்ந்தனர். நாட்டுப்பற்றைவிடக் குடிப்பற்றே அவர்களை இயக்கியது.

இக்கவர்தலுக்கும் சட்டம் இருந்தது. இரு நாட்டவரும் கூடி 1249இல் எழுத்தில் பதித்த எல்லைச் சட்டங்களும் அவற்றின் பின் வளர்ந்த வழக்காறுகளும் நிரை இழந்தவனுக்கு எல்லை கடந்து தொடர்ந்து சென்று மீட்கும் உரிமையை அளித்தன. 'சூடான தடம்' எனப்பட்ட அம்மீட்புப் பயணத்தில் செல்வோர், எரியும் புற்கரிக் கட்டியொன்றை ஈட்டி நுனியில் ஏந்தி, மோப்ப நாயும் ஊதுகொம்பும் உடன்வரச் செல்ல வேண்டும். தாம் திருடச் செல்லவில்லை, திருடப்பட்டதை மீட்கச் செல்கிறோம் என்பதற்கு அந்நெருப்பே அடையாளம். வழியிலுள்ளோர் அவர்களுக்குத் துணைநிற்கக் கடமைப்பட்டவர்.

கவர்வோரை வெட்சி சூடியும் மீட்போரைக் கரந்தை சூடியும் வேறுபடுத்திக் காட்டிய தமிழ்ப் புறத்திணை மரபு இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பே. தொல்காப்பியம் மீட்டலையும் வெட்சியுள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாக்கியது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல் 'ஆகோள்' என்னும் சொல்லைத் தாங்கியிருப்பதால், இலக்கியம் கூறுவது கற்பனை மரபு மட்டுமன்று என்பது உறுதியாயிற்று. இரு நாட்டுக்கும் இதில் தொடர்பு ஏதும் இல்லை. கால்நடையே செல்வமாகவும் அரசதிகாரம் தொலைவிலும் இருக்கும் நிலத்தில் இத்தகைய ஒழுங்கு தோன்றுவதற்குத் தொடர்பு தேவையுமில்லை. பூவும் நெருப்பும் ஒரே பணியைச் செய்தன: ஒரே செயலாகத் தோன்றும் இரண்டனுள் எது அறம் எனக் கண்டவர்க்குக் காட்டின.

'பிளாக்மெயில்' என உலகமெங்கும் இன்று வழங்கும் சொல்லும் இந்நிலத்தின் விளைவே. 'மெயில்' என்பது ஸ்கொட்ஸ் மொழியில் குத்தகை. தொழுவத்தைத் தாக்காமல் விடுவதற்கும் பிறர் தாக்காமல் காப்பதற்கும் ரீவர்கள் பெற்ற கறுப்புக் குத்தகையே அது.

7. மந்தையிலிருந்து கூலிக்கு?

கால்நடை என்னும் பொருளில் 'ஃபீ' பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் அருகி மறைந்தது. ஆனால் அதே வடிவுடைய சொல் வேறு பொருளில் செழித்தது. ஸ்கொட்லாந்தின் சொத்துரிமைச் சட்டத்தில் 'ஃபீ' என்பது முழு உடைமையுரிமை. வாழ்நாள் வரையிலான நுகர்வுரிமைக்கு எதிர்நிலையில் நிற்பது. பண்ணை வாழ்விலோ 'ஃபீ' என்பது கூலி. 'ஃபீ செய்தல்' என்பது ஆளைக் கூலிக்கு அமர்த்துதல்.

ஆண்டுக்கிருமுறை, மே மாதத்தை ஒட்டிய விட்சன் தவணையிலும் நவம்பரின் மார்ட்டின்மாஸ் தவணையிலும், தாழ்நில நகரங்களின் தெருக்களில் 'ஃபீயிங் சந்தைகள்' கூடின. மணமாகாத ஆடவர் பொதுவாக ஆறு மாதத்திற்கும் மணமானோர் ஓராண்டுக்கும் அமர்த்தப்பட்டனர். வேலை தேடுவோர் தெருவில் நிற்பர். பண்ணைக்காரர் நடந்து சென்று பார்த்து, வினவி, பேரம் பேசுவர். உடன்பாடு எட்டியதும் 'ஆர்ல்ஸ்' எனப்பட்ட அச்சாரம், பெரும்பாலும் ஒரு ஷில்லிங், கைமாறும். அதை வாங்கியவன் வாக்கை மீற முடியாது. 1875ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வரை, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி குற்றவாளியாகச் சிறைசெல்லவும் நேர்ந்தது. ஒப்பந்தத்தை மீறிய முதலாளிக்கோ அது உரிமையியல் வழக்கு மட்டுமே. இச்சந்தைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நீடித்தன.

ஆடு மாடு விற்கும் சந்தையின் சாயல் இச்சந்தைக்கு இருந்ததைக் கண்டோர் பலர் கண்டித்துள்ளனர். கால்நடைக்குரிய சொல்லே மனிதனின் கூலிக்குப் பெயராயிற்று என்று சொன்னால் அக்கண்டனம் இன்னும் கூர்மை பெறும். ஜேமிசனின் அகராதி ஒரே தலைச்சொல்லின் கீழ் இரண்டையும் அடுக்கியது அவ்வெண்ணத்திற்கு இடமளித்தது. எனினும் பின்வந்த ஆய்வு இதனை அப்படியே ஏற்கவில்லை. வில்லியம் கிரெய்கி தொடங்கி 1931 முதல் 2002 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பழைய ஸ்கொட்ஸ் மொழிப் பேரகராதி இவற்றை வேறுபடுத்திக் காண்கிறது. கால்நடை 'ஃபீ' பழைய ஆங்கிலத்தின் நேர்வழித் தோன்றல். நிலவுரிமை, ஊதியம் ஆகியவற்றைக் குறிக்கும் 'ஃபீ' பிரெஞ்சு வழியாக வந்த நிலமானியச் சொல். ஒலி ஒன்றானமையால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, ஒன்றன் பொருள் மற்றொன்றின்மேல் படிந்தது.

அப்பிரெஞ்சுச் சொல்லின் மூலத்திலும் பண்டைய ஃபிராங்கியரின் 'ஃபெஹு' மறைந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. அது முடிந்த முடிபன்று. அக்கருத்தை ஏற்பின், பிரிந்துபோன உறவினர் இருவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்கொட்லாந்தில் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பெயரில் சந்தித்தனர் எனலாம். எவ்வாறாயினும், மந்தை நேரே கூலியாயிற்று என்னும் நேர்கோட்டுக் கதை நிலைக்காது.

தமிழர் புலப்பெயர்வு வரலாற்றோடு இவ்விடத்தில் மெய்யான தொடர்பொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் மலையகத் தோட்டத்துரைகளில் கணிசமானோர் ஸ்கொட்லாந்தின் வடகிழக்குப் பண்ணை மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். லூல்கந்துராவில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரைச் சேர்ந்தவர். அச்சாரத்தால் ஆளைப் பிணைக்கும் முறை அவர்களுக்குப் புதிதன்று. ஆயினும் மலையகத்தில் அவர்கள் கீழ் நிலவிய 'துண்டு' முறை அச்சாரத்தினின்று வேறானது. ஆர்ல்ஸ் திருப்பித் தர வேண்டாத கொடை. தவணை முடிந்ததும் ஆள் விடுதலை பெற்றான். துண்டு என்பதோ கடன் கணக்கு. அடுத்த தோட்டம் அக்கடனை ஏற்றாலன்றித் தொழிலாளிக்கு விடுதலையில்லை. 1921இல் சட்டத்தால் நீக்கப்படும்வரை அது நீடித்தது. ஸ்கொட்லாந்துப் பண்ணையாள் ஆறு மாதத்திற்கொருமுறை தெருவில் நின்று பேரம் பேசும் உரிமையையாவது பெற்றிருந்தான். அவனுடைய ஊரிலிருந்து வந்த துரை, தமிழ்த் தொழிலாளிக்கு அதனை அளிக்கவில்லை.

8. மாடும் பசுவும்: ஒப்பாய்வு நெறி

இனி 'மாடு' என்னும் சொல்லுக்கு வருவோம். திருக்குறளின் 400ஆம் குறளில் அது செல்வம் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் செல்வம், பொன், கால்நடை ஆகிய பொருள்களைத் தருகிறது. 'ஃபீ'யின் பொருட்பரப்பு ஏறத்தாழ இதுவே. எனினும் இரண்டுக்கும் உறவில்லை. ஒலியொழுங்கு இல்லை, இடைநிலை வடிவங்கள் இல்லை, பொருளொற்றுமை மட்டுமே உண்டு. அப்பொருளொற்றுமை உலகின் பல மொழிகளில் தனித்தனியே தோன்றியது என்பதை மேலே கண்ட ஸ்கொட்ஸ், கேலிக் சொற்களே மெய்ப்பிக்கின்றன. மாறாக, ஒலியில் தொலைவான 'பசு' மெய்யான உறவு. ஆனால் அது தமிழ் கடனாகப் பெற்ற சொல். தமிழின் சொந்தச் சொல் உறவினதன்று. உறவான சொல் தமிழுக்குச் சொந்தமன்று. இம்முரணே இக்கட்டுரை முன்வைக்க விரும்பும் பாடம்.

இரண்டாவதாக, பொருள் எத்திசையில் நகர்ந்தது என்பதும் வெளிப்படையானதன்று. விலங்கே முதல், செல்வம் பின்னர் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். எமில் பென்வெனிஸ்ட் 1969இல் வெளியிட்ட இந்தோ-ஐரோப்பிய நிறுவனச் சொற்கள் பற்றிய நூலில் இதனை மறுத்தார். மூலச்சொல் அசையும் உடைமை எனப் பொருள்பட்டது. கால்நடை என்பது பின்வந்த சிறப்புப்பொருள் என்பது அவர் வாதம். 'ஓக்த்', 'ஏவர்' ஆகியவை அவ்வழியிலேயே சென்றன. கன்னடத்தில் கால்நடையைக் குறிக்கும் 'தன' என்பது செல்வம் எனப்பொருள்படும் வடசொல்லினின்று வந்தது. எனவே 'மாடு' என்பதிலும் விலங்கே முந்தியது எனச் சான்றின்றி முடிவுகட்டலாகாது. சங்கப் பாடல்களில் கால்நடையைச் சுட்ட ஆ, ஆன், நிரை, ஏறு முதலியனவே பெருவழக்காக வருகின்றன என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, வடிவொற்றுமை நம்மை ஏமாற்றும். தமிழில் 'ஆயம்' என்பது ஆநிரையையும் குறிக்கும், சுங்கவரியையும் குறிக்கும். மந்தைக்கு விதித்த வரியே ஆயம் எனக் கதை புனைவது எளிது. ஆனால் வரியைக் குறிக்கும் ஆயம் வருவாய் எனப்பொருள்படும் வடசொல்லின் வடிவம். 'ஃபீ'யின் இரு வேர்கள் ஜேமிசனை மயக்கியதுபோல இவ்விரு 'ஆய'ங்களும் நம்மை மயக்கவல்லன.

9. முடிவுரை

ஸ்கொட்லாந்தின் 'ஃபீ' இன்று வழக்கிறந்த சொல். அது குறித்த மந்தையின் வரலாறும் இனிமையாக முடியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மலைநாட்டில் பெரும்பண்ணைச் செம்மறிகள் நுழைந்தபோது அவற்றுக்கு இடமளிக்கக் குடியானவர் வெளியேற்றப்பட்டனர். 1792இல் ரொஸ்ஷயர் மக்கள் ஒன்றுகூடி அவ்வாடுகளைத் தங்கள் மண்ணிலிருந்து ஓட்டிச்செல்ல முயன்று படையால் அடக்கப்பட்டனர். அவ்வாண்டைக் கேலிக் மக்கள் 'ஆடுகளின் ஆண்டு' என நினைவுகூர்கின்றனர். ஒருகாலத்தில் மனித உயிருக்கு ஈடாக எண்ணப்பட்ட விலங்கு, பின்னர் மனிதரையே இடம்பெயர்த்தது. அவர்களுட் பலர் கடல்கடந்து கனடாவில் குடியேறினர்.

இச்சொல் வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம். கால்நடையைச் செல்வமாகக் காணும் பார்வை எந்த ஓர் இனத்தின் தனியுடைமையும் அன்று. ஒத்த வாழ்வு ஒத்த சொற்பொருளைத் தோற்றுவிக்கும். அவ்வொப்புமையின் மதிப்பு குருதியுறவை நிறுவுவதில் இல்லை; மனித வாழ்வின் பொதுமையை விளக்குவதில் உள்ளது. மேலும், ஒரு சொல்லின் அழகிய கதையைவிட அதன் உண்மையான கதை பெரும்பாலும் சிக்கலானது. ஆனால் கூடுதலாகக் கற்பிப்பது. 'மாடு' என்னும் நம் சொல்லுக்கு அத்தகைய முழுமையான, காலவரிசைப்பட்ட வரலாறு எழுதப்பட வேண்டும். கல்வெட்டு, ஓலைச்சுவடி, ஆவணம், பேச்சுவழக்கு ஆகிய நான்கினின்றும் சான்று திரட்டி, எந்நூற்றாண்டில் எப்பொருள் முந்துகிறது எனக் காட்டும் பணி அது. ஸ்கொட்லாந்தினர் தம் பழஞ்சொற்களுக்காக எழுபதாண்டுகளுக்கு மேல் பொறுமையோடு செய்த அப்பணியை, வாழும் மொழியின் மக்களாகிய நாம் தள்ளிப்போடலாகாது.